ஆவணப்படங்கள் காட்டும் தனிவாழ்வும் சமுதாயமும்

திரைப்படம் என்றதும் நம் மக்கள் மனத்தில் தோன்றுவது கதைப்படமே. பாட்டும் கூத்தும் சண்டையும் இல்லாத ஒன்றைப் படமென்று ஒப்புக்கொள்ள நம்மவர் எளிதில் முன்வருவதில்லை. நம் சிறுபருவத்தில் ஆதம்பாக்கத்திலிருந்து தண்டவாளத்தைக் கடந்து பரங்கிமலைப் பக்கம் படம் பார்க்கச் செல்வோம். அப்போது, "நியூஸ் ரீல் முடிந்துவிட்டதா?" என்று வாயிற்காவலரிடம் கேட்டபடி வெளியே தேநீர் அருந்தி நிற்கும் பெரியவர்களைக் கண்டதுண்டு. கொடுத்த காசுக்கு அரசாங்கத்தின் படத்தை வேறு பார்க்கவேண்டுமா என்பது அவர்தம் எண்ணம். அவர்களைக் குறைகூறவும் இயலாது. நடுவண் அரசு 1948ஆம் ஆண்டில் நிறுவிய பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த செய்திப்படங்களையும் விளக்கப்படங்களையும் கதைப்படத்தோடு சேர்த்துக் காட்டியே தீரவேண்டும் என்பது அந்நாளில் திரையரங்குகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அணைக்கட்டுத் திறப்பு, அமைச்சர் வருகை, வெள்ளச் சேதம், விளையாட்டு வெற்றி ஆகிய அனைத்தையும் ஒரே குரல் ஒரே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிச் செல்லும். அக்குரலுக்கு முகமில்லை, திரையில் தோன்றிய உழவர், தொழிலாளர், வெள்ளத்தில் வீடிழந்தோர் ஆகியோரின் முகங்களுக்கோ குரலில்லை. அந்த பிலிம்ஸ் டிவிஷனும் 2022ஆம் ஆண்டில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

தமிழ் பயில்வோர்க்கு இத்தகைய குரல் புதிதன்று. முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் கல்வெட்டுகளின் முகப்பில் இடம்பெறும் மெய்க்கீர்த்தி, அரசன் வென்ற நாடுகளை வரிசைப்படுத்திக் கூறும். அந்நாடுகளில் குடியிழந்தவன் பெயர் அதில் இராது. ஆனால் ஊர்ப்புறத்தே கேட்பாரற்றுக் கிடக்கும் நடுகல்லோ, ஆநிரை மீட்கப்போய் மாண்ட ஒரு தனியாளின் பெயரையும், அவன் எவ்வூரான், எதன்பொருட்டு இறந்தான் என்பதையும் நான்கைந்து வரிகளில் சொல்லிவிடும். செய்திப்படத்தை மெய்க்கீர்த்திக்கு ஒப்பிட்டால், இக்கட்டுரையில் நாம் பேசப் புகும் ஆவணப்படங்களை நடுகல்லுக்கு ஒப்பிடலாம். ஒரு தனியாளின் வாழ்வைக் காட்டி, அதன்வழி வரலாற்றையும் சமுதாயப் பூசலையும் காட்டுவன அவை.

எனினும் இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிகிறது. நடுகல்லில் இடம்பெற்றவன் இறந்துபட்டவன். அவனைப் பற்றி எழுதுவதால் அவனுக்கு இனி நன்மையுமில்லை, தீமையுமில்லை. ஆவணப்படத்தில் இடம்பெறுபவர் உயிரோடு இருப்பவர். படம் எடுத்தவர் கருவிகளைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய பின்னும், அதே தெருவில், அதே உறவினர் நடுவில் வாழ்ந்தாகவேண்டியவர். ஆவணப்படத்தை மதிப்பிடப் புகுவோர் ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் பேசுவதற்கு முன் இதனை நோக்கவேண்டும் என்பது நம் கருத்து. இக்கருத்துக்கு நாம் வந்தது நூல் வழியாக அன்று. நம் துறையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியின் வழியாக. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

ஆவணப்பட வரலாற்றை எழுதுவோர் பலரும் இராபர்ட் பிளாகர்ட்டி எடுத்து 1922ஆம் ஆண்டில் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்' என்னும் படத்திலிருந்து தொடங்குவர். கனடாவின் வடகோடியில் பனிநிலத்தில் வாழும் இனூயிட் மக்களுள் ஒரு குடும்பத்தலைவனின் வாழ்வைக் காட்டும் படம் அது. பிளாகர்ட்டி முதலில் எடுத்துச் சேர்த்திருந்த படச்சுருள்கள் ஒரு சிகரெட் நெருப்பில் எரிந்துபோயின. அக்காலத்துச் சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. அவர் மீண்டும் சென்று எடுத்ததே நாம் இன்று காணும் படம். உலகம் அதனைக் கொண்டாடியது. பின்னர்த் தெரியவந்த செய்திகள் வேறு. நானூக் என்பது அம்மனிதரின் பெயரன்று. அவர் பெயர் அல்லகரியல்லக். படத்தில் அவர் மனைவியாகத் தோன்றுபவர் அவர் மனைவியல்லர். துப்பாக்கியால் வேட்டையாடும் பழக்கம் அப்பகுதியில் முன்பே வந்துவிட்டிருக்க, பழைய முறைப்படி ஈட்டி எறியச் செய்து படமெடுத்தார் பிளாகர்ட்டி. பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாமையால் பாதி வீட்டை மட்டும் கட்டி, திறந்தவெளிக் குளிரில் அக்குடும்பத்தைத் 'தூங்க' வைத்தார். படம் வெளிவந்து ஏறத்தாழ ஈராண்டுகளில் அம்மனிதர் இறந்துபோனார். இவ்வகைப் படங்களுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை ஜான் கிரியர்சன் 1926ஆம் ஆண்டில், பிளாகர்ட்டியின் மற்றொரு படத்திற்கு எழுதிய மதிப்புரையில்தான் ஆண்டார். ஆகவே பெயர் பிறக்குமுன்பே சிக்கல் பிறந்துவிட்டது எனலாம். எடுப்பவர் தாம் காண விரும்பிய வாழ்வை எடுக்கப்படுபவர் மேல் ஏற்றிவிடும் சிக்கலே அது.

இதற்கு நேர்மாறான ஒருவர் நம்மிடையே தோன்றினார் என்பதைத் தமிழ்த்துறையினராகிய நாம் சற்றே பெருமிதத்துடன் நினைக்கலாம். கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த ஏ.கே.செட்டியார் பயண நூலாசிரியராகவும் 'குமரி மலர்' ஆசிரியராகவுமே நம் பாடத்திட்டங்களில் அறியப்படுகிறார். ஆனால் அவர் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அட்லாண்டிக் கடலில் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஒரு முழுநீளப் படம் எடுக்கவேண்டும் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை. அதன்பின் ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் பயணம் செய்து, 30 ஆண்டுக் காலத்தில் நூறு ஒளிப்பதிவாளர்கள் அளவில் பல்வேறு நாடுகளில் எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடித் திரட்டினார். அவை 50,000 அடி நீளம் இருந்தன. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டில் படம் தமிழில் வெளிவந்தது; தெலுங்கிலும் பின்னர் இந்தியிலும் அமைந்தது; 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் பெற்றது.

இத்துணை அரும்பாடுபட்டவர் படத்திலும் சரி, தம் எழுத்திலும் சரி, தம்மை முன்னிறுத்திக்கொண்டதே இல்லை. அவர் எடுத்துக்கொண்டது உலகறிந்த ஒருவரின் வாழ்வு. பிறர் எடுத்த காட்சிகளைத் தேடித் தொகுத்த பணி. ஆகவே முன்னர்ச் சொன்ன சிக்கல் அவருக்கு மிகுதியும் எழவில்லை. அவருக்கு வந்த துன்பம் வேறு. படம் காணாமற்போயிற்று. நெடுங்காலம் அதனைக் கண்டவர் எவருமில்லை என்னும் நிலை ஏற்பட்டது. வரலாற்றறிஞர் ஆ.இரா.வேங்கடாசலபதி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அதன் ஆங்கில வடிவத்தைத் தேடிக் கண்டார். படம் எடுத்த பட்டறிவைச் செட்டியார் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாகவும் பதிப்பித்தார். ஓலைச்சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா. மரபினர் நாம்; படச்சுருளையும் அவ்வாறே தேடவேண்டிய காலம் வந்துவிட்டது.

பேசியவர்க்கு நேர்வது

காந்தியடிகள் போன்றோர் வாழ்வைவிட்டுப் பெயரறியாதோர் வாழ்வுக்கு வரும்போதுதான் சிக்கல் கூர்மையடைகிறது. அதிலும் அவர்கள் பேசுவது சமுதாயப் பூசல் ஒன்றைப் பற்றியதாயின் சொல்லவேண்டியதில்லை.

அரசு இதனை முன்பே உணர்ந்திருந்தது என்பதற்கு ஒரு வழக்கு சான்று. கே.ஏ.அப்பாஸ் 1960களின் இறுதியில் பம்பாய், கல்கத்தா, தில்லி, நம் சென்னை ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டும் குறும்படம் ஒன்றை எடுத்தார். பதினாறே நிமிடப் படம். பம்பாயில் உடலை விற்று வாழும் பெண்களின் தெருவைக் காட்டும் பகுதிக்குத் தணிக்கையாளர் தடை சொல்ல, அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா முதலியோர் 1970ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பில், திரைப்படத்திற்கு முன்தணிக்கை அரசியல் சட்டத்திற்கு முரணானதன்று என்று முடிவு செய்தனர். அதேபோழ்து தணிக்கைக்குரிய நெறிகள் தெளிவுபட அமையவேண்டும் எனவும் கூறினர். இத்தீர்ப்பு இன்றும் சட்டம் பயில்வோர் படிப்பது. அவ்வழக்கில் அரசின் உரிமையும் படைப்பாளியின் உரிமையும் விரிவாகப் பேசப்பட்டன. அத்தெருவில் நின்ற பெண்ணின் விருப்பம் என்ன என்பதை இரு தரப்பாரும் பேசியதாக நமக்குத் தோன்றவில்லை.

ஆனந்த் பட்வர்த்தன் எடுத்த 'ராம் கே நாம்' என்னும் படம் அயோத்திப் பள்ளிவாசல் 1992 டிசம்பர் 6ஆம் நாள் இடிக்கப்படுவதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. தேசிய விருது பெற்ற அப்படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது. நீதிமன்றம் வரை சென்ற பின்னரே 1990களின் பிற்பகுதியில் மக்கள் அதனை வீட்டிலிருந்து கண்டனர். அப்படத்தில் நம் நினைவைவிட்டு அகலாதவர், அங்கிருந்த இராமர் கோயிலின் பூசகராக நீதிமன்றத்தால் அமர்த்தப்பட்ட லால்தாஸ். கோயிலின் பெயரால் நடைபெறும் அரசியலை அவர் அமைதியாக, ஒளிவுமறைவின்றி மறுத்துப் பேசுகிறார். 1993 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் பேசியதால்தான் கொல்லப்பட்டார் என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. அவ்வாறு சொல்லவும் கூடாது. ஆயினும் அவர் பேசும் பகுதியை அந்நிகழ்ச்சியை அறிந்தபின் காண்போர்க்கு ஒவ்வொரு சொல்லும் வேறு எடையோடு கேட்கிறது.

நம் மாநிலத்துக்கு வருவோம். மதுரையைச் சேர்ந்த ஆர்.பி.அமுதன் 2003ஆம் ஆண்டில் எடுத்த 'பீ' என்னும் படத்தின் பெயரை ஒரு கல்லூரி மலரில் எழுதவே நம் கை சற்றுத் தயங்கியது. அத்தயக்கமே அப்படத்தின் பொருள் என்பது பிறகுதான் விளங்கிற்று. மனித மலத்தை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. பத்தாண்டு கழித்து, மதுரையில் ஒரு கோயிலின் பின்புறத் தெருவைத் துப்புரவு செய்யும் பெண் தொழிலாளி ஒருவரின் அன்றாட வேலையைப் படக்கருவி விலகாமல் காட்டுகிறது. பின்னணி இசையால் இரக்கம் பிழியும் வேலையில்லை. அவர் ஏசுகிறார், அலுத்துக்கொள்கிறார், வேலையைச் செய்கிறார். காண்போர் முகம் சுளிக்குமிடத்தில் அவர் முகம் சுளிக்க உரிமையற்றவராய் நிற்கிறார். 2017ஆம் ஆண்டு திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' இதே பொருளை மாநிலம் முழுவதற்கும் விரித்துக் காட்டியது. அதனைத் திரையிடப் பல இடங்களில் இசைவு மறுக்கப்பட்டது. எடுத்தவர் மிரட்டல்களையும் வழக்கையும் எதிர்கொண்டார். எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் ஒரே ஆபத்தில் நின்ற அரிய நிகழ்வு இது.

வீட்டுக்குள் வரும் படக்கருவி

தெருவில் நிற்பவர் வாழ்வைக் காட்டுவது ஒன்று. வீட்டுக்குள் இருப்பவர் வாழ்வைக் காட்டுவது மற்றொன்று. நம் சமுதாயத்தை உள்ளிருந்து காட்டிய இரு படங்களை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலாவது, கிம் லாங்கினாட்டோ என்னும் ஆங்கிலேயப் பெண்மணி எடுத்து 2013ஆம் ஆண்டு சன்டான்ஸ் விழாவில் முதன்முதல் திரையிடப்பட்ட 'சல்மா'. கவிஞர் சல்மாவை நம் மாணவர்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்து, பருவமெய்தியதும் பள்ளி நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே ஆண்டுகள் பல கழித்தவர். திருமணத்திற்குப் பின்னும் மறைவாகவே எழுதி, புனைபெயரில் வெளியிட்டார். 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' என்னும் கவிதைத் தொகுதியும், 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்னும் புதினமும் அவரைத் தமிழுலகம் அறியச் செய்தன. 2001ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் வென்று பேரூராட்சித் தலைவரானார். 2025ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினரானார்.

லாங்கினாட்டோ தாமே படக்கருவியை ஏந்துபவர். உடன் ஒரிருவரே இருப்பர். முன்னரே ஜீபா மீர்-ஹொசைனி என்னும் ஈரானிய மானிடவியலறிஞருடன் சேர்ந்து தெஹ்ரான் நகரின் குடும்ப நீதிமன்றத்தில் பெண்கள் வழக்காடுவதை 1998இல் படமாக்கியவர். அந்நீதிமன்றப் படத்தில் பெண்கள் நீதிபதியிடம் வாதிடுகின்றனர், கெஞ்சுகின்றனர், சிலசமயம் மிரட்டவும் செய்கின்றனர்; ஒருவரும் ஊமையாய் அழுதுகொண்டிருக்கவில்லை. அதே பொறுமை 'சல்மா'விலும் உண்டு. சல்மா தம் ஊருக்குத் திரும்புகிறார், வீட்டார் பேசுகின்றனர், அன்னையார் பேசுகிறார், கணவர் பேசுகிறார்.

நம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்தவர் அவ்வன்னையார்தாம். மகளை வீட்டுக்குள் அடைத்துவைத்த குடும்பத்தின் தாய் அவரே. மகள் மறைத்துவைத்த கவிதைத் தாள்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுசேர்த்தவரும் அவரே. இவ்விரண்டையும் ஒரே முகத்தில் காணும் வாய்ப்பை நூல் தருவதைவிடப் படம் நன்கு தருகிறது. ஆனால் ஒன்று. சல்மா எழுத்தாளர். ஊரார் என் சொல்வர் என்பதைத் துணிந்து எதிர்கொண்டே எழுதவந்தவர். படமெடுக்க இசைந்தது அத்துணிவின் தொடர்ச்சி. அன்னையாரோ எந்நூலும் எழுதியவரல்லர். மகள் கேட்டதால் கதவைத் திறந்தவர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரங்குகளில் அமர்ந்திருப்போர் தம்மை எவ்வாறு எடைபோடுவர் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க முடியுமா?

படத்தைப் பற்றி நமக்கு ஒரு குறையுண்டு, அதனையும் சொல்லிவிடுகிறோம். ஒடுக்கப்பட்ட முஸ்லிம் பெண் என்னும் கதை மேலைநாட்டார்க்கு எளிதில் விளங்குவது. 2000ஆம் ஆண்டையொட்டித் தமிழ்க் கவிதையில் பெண்கள் உண்டாக்கிய பெரும் மாற்றம் அவர்க்கு எளிதில் விளங்காதது. ஆகவே படத்தில் முன்னதற்குக் கிடைத்த இடம் பின்னதற்குக் கிடைக்கவில்லை. பருவமெய்திய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் வழக்கம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதாய் இருந்ததுமில்லை. நம் பாட்டிமார் காலத்தில் பல குலத்தாரும் அதனைச் செய்தனர். இதனைச் சொல்வது தவற்றைப் பங்கிட்டுக் குறைத்துக்கொள்வதற்காக அன்று. நம் வீடுகளில் நடந்தது நடந்ததுதான். நம் கல்லூரியில் இன்று மாணவியர் நிறைந்திருக்கும் வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும்போது, அவர்தம் பாட்டிமாருள் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டினர் என்று நாம் கேட்பதுண்டு. கைகள் உயர்வது குறைவு.

இரண்டாவது படம் தீபா தன்ராஜ் 2011ஆம் ஆண்டில் எடுத்த 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்'. பெயர் ஆங்கிலமாயினும் பேச்சு தமிழே. ஊர் ஜமாஅத்தில் ஆடவர் மட்டுமே அமர்ந்து மணமுறிவு, மஹர், பராமரிப்பு முதலிய வழக்குகளைத் தீர்க்கும் வழக்கமே எங்கும் நிலவியபோது, புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் முன்னின்று 2004ஆம் ஆண்டில் பெண்கள் ஜமாஅத் ஒன்றை அமைத்தார். 8,000க்கும் மேற்பட்ட வழக்குகளை அவ்வமைப்பு தீர்த்துள்ளதாகப் படத்தின் அறிமுகக் குறிப்பு கூறுகிறது. அப்பெண்கள் வழக்கைக் கேட்பதையும், ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் சென்று பேசுவதையும், காவல் நிலையப் படியேறுவதையும் படம் பின்தொடர்கிறது.

இப்படத்தின் சிறப்பு யாதெனில், எவரையும் ஒருசொல்லில் தீயவராக்கி முடித்துவிடவில்லை. நீண்ட பேச்சுகளை நீண்டனவாகவே விட்டிருக்கிறார் இயக்குநர். எதிர்த்தரப்பார் சொல்வதற்கும் காலம் கொடுக்கிறார். நடுவில் ஒருவர் எழுந்துபோவார், மற்றொருவர் உரத்துப் பேசுவார், பிறிதொருவர் சமாதானம் சொல்வார். பஞ்சாயத்தைக் கண்டறிந்த எவரும் இது மெய்யென்று ஒப்புவர். பெண்கள் ஜமாஅத் குறித்து நம்மவரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதை நாம் அறிவோம். அதனை இங்கு ஆராய்வது நம் நோக்கமன்று. நாம் கவனித்தது வேறொன்று. வழக்குக்கு வந்த பெண், தன் இல்லறத்தின் மறைபொருளை ஒரு கூட்டத்தின் முன் சொல்லத் துணிந்தே வருகிறாள். அவள் ஏற்கெனவே வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டவள். படக்கருவி அவள் பின்னே வந்தது, அவளை இழுத்துவரவில்லை. எனவே 'சல்மா'வில் அன்னையாரைக் காணும்போது நமக்கு ஏற்பட்ட கூச்சம் இங்கு ஏற்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். பிறரைப் படமெடுப்பதில்தானே இச்சிக்கல். தன் வாழ்வைத் தானே எடுத்தால் தீர்ந்துவிடாதா? ஈழத்தைச் சேர்ந்த ஜூட் ரட்ணம் எடுத்து 2017ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறப்புத் திரையிடலாக இடம்பெற்ற 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' இதற்கு விடை தருகிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வேட்டையாடப்பட்டபோது, ஐந்து வயதுச் சிறுவனாகத் தொடர்வண்டியில் வடக்கே தப்பிச் சென்றவர் அவர். அந்நினைவிலிருந்து தொடங்கும் படம், கனடாவிலிருந்து திரும்பிவரும் அவர் மாமனைப் பின்தொடர்கிறது. மாமன் ஒருகாலத்தில் போராளி இயக்கம் ஒன்றில் இருந்தவர். படம் சிங்களப் பேரினவாதத்தின் கொடுமையைச் சொல்வதோடு நில்லாமல், தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட கதையையும் வாய்விட்டுப் பேசுகிறது. விளைவு யாது? தமிழருள் பலர் சினந்தனர். 2009ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்காலில் நேர்ந்த பேரழிவிற்குப் பின், ஆறாத புண்ணின் மேல் இதைப் பேசுவதா என்பது அவர்தம் கேள்வி. பேசாவிடின் எப்போது பேசுவது என்பது இயக்குநர் தரப்பு. அவ்வாண்டு யாழ்ப்பாணத்தில் நடந்த திரைப்பட விழாவில் படம் திரையிடப்படாமல் விலக்கப்பட்டது. இருவர் பக்கமும் நியாயம் உண்டென்று நழுவிவிட நாம் விரும்பவில்லை. படம் எடுக்கப்பட்டது சரியே, அங்கே திரையிடப்பட்டிருக்கவும் வேண்டும் என்பதே நம் துணிபு. ஆயினும் தன் வாழ்வு என்று ஒருவர் சொல்வதில் மாமனும் அயலாரும் இறந்த நண்பர்களும் கலந்தே இருக்கின்றனர் என்பது மெய். முற்றிலும் தனக்கே உரிய வாழ்வு ஒருவர்க்கும் வாய்ப்பதில்லை.

ஏரிக்கரைப் பாட்டியார்

இனி, முன்னர்ச் சொல்வோம் என்றதைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நம் துறை இறுதியாண்டு மாணவியர்க்கு வாய்மொழி வரலாற்றுப் பயிற்சி ஒன்று தந்தோம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரைக் கைப்பேசியில் பத்து நிமிட அளவில் படமெடுத்துவர வேண்டும். செட்டியாருக்கு ஒரு இலட்சம் மைல் தேவைப்பட்டது. இவர்களுக்கு நடுக்கூடத்திலிருந்து அடுக்களை வரை போதும். வந்தவற்றுள் பல, பிறந்தநாள் விழாப் படங்களைப் போலவே இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒன்று மட்டும் வேறாக இருந்தது. நம்மைப் போலவே ஆதம்பாக்கத்தில், ஏரிக்கு அண்மையில் வாழும் ஒரு மாணவி தம் நன்னியை எடுத்திருந்தார். ஏரி நிறைந்து கலங்கிக் கிடந்த காலம், அதன் நீரால் விளைந்த நெல்வயல்கள், வயல்கள் மனைகளான விதம், கிண்டித் தொழிற்பேட்டைக்கு மிதிவண்டியில் அணியணியாகச் சென்ற ஆட்கள், நெடுங்காலம் முடிவுபெறாமல் நின்ற பறக்கும் ரயில் பாதைத் தூண்கள் என்று அப்பாட்டியார் கீரை ஆய்ந்தபடியே பேசிக்கொண்டு போகிறார். பதினொரு நிமிடப் படம். அதில் ஏழாவது நிமிடத்தில், பேத்தி கேளாமலே, தம்மைப் பள்ளியிலிருந்து நிறுத்திய நாளைச் சொல்லத் தொடங்குகிறார். ஐந்தாம் வகுப்பு. கணக்கில் முதல் மதிப்பெண். பலகையும் பையும் எங்கே போயின என்பதுவரை நினைவு வைத்திருக்கிறார். நிறுத்தியவர் தந்தையல்லர்; அண்ணன். நான்கு நிமிடம் அதையே பேசுகிறார். கீரை அப்படியே கிடக்கிறது.

மறுநாள் காலை அவர் பேத்தியை அழைத்து, "அந்தப் பள்ளிக்கூடத்துப் பேச்ச மட்டும் எடுத்துரும்மா. அண்ணே இன்னமும் காலைல என் கையால கஞ்சி குடிக்கிறாரு" என்றாராம். அண்ணனுக்கு எண்பதைத் தாண்டிய வயது. அதே தெருவில், நான்கு வீடு தள்ளி இருக்கிறார்.

மாணவி நம்மிடம் வந்து கேட்டார். "அப்பகுதி போனால் படமே போயிற்று, விடாதே. வரலாறு அதில்தான் இருக்கிறது" என்று நாம் கூறினோம். மேலும், இது வகுப்பறைக்குள் காட்டப்படுவதுதானே, ஊருக்கா தெரியப்போகிறது என்றும் சொன்னோம். பட்வர்த்தனையும் அமுதனையும் படித்த மிதப்பில் சொன்ன சொல் அது. மாணவி சற்று நேரம் பேசாமல் நின்று, "மார்க் குறைஞ்சாலும் பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு, அந்நான்கு நிமிடத்தை வெட்டியே கொடுத்தார். எஞ்சிய ஏழு நிமிடம் ஓர் ஊரைப் பற்றிய நல்ல படமாகவே இருந்தது. ஆயினும் முழுமையும் கண்டவர்க்கு அதில் ஒரு பள்ளம் தெரியும். மதிப்பெண் வழங்கும்போது நம் கை கூசிற்று, குறைக்கவில்லை.

படத்தைத் துறையில் திரையிட்ட அன்று பாட்டியார் வந்திருந்தார். அண்ணனையும் ஆட்டோவில் அழைத்துவந்திருந்தார். இருவரும் முன்வரிசையில் அமர்ந்து, ஏரியைப் பற்றிய பகுதியில் எந்த மதகு எங்கே இருந்தது என்று தங்களுக்குள் வழக்காடிக்கொண்டனர். அவர்தம் குரல் படத்தின் குரலை மீறிக் கேட்டது.

வெட்டிய பகுதியை அழித்துவிடச் சொல்லவில்லை பாட்டியார். "நாங்க ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் வேணும்னா காட்டு" என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். கைப்பேசி தொலைந்தால் போய்விடும் என்று அஞ்சிய மாணவி, அதனை ஒரு பென் டிரைவில் பதிந்து நம்மிடம் ஒப்படைத்தார். உறையிலிட்டு, பெயர் எழுதாமல், நாளை மட்டும் குறித்துத் துறை நூலக அலமாரியில் பூட்டி வைத்துள்ளோம். இத்தகைய கருவிகள் சில ஆண்டுகளில் பழுதாகிவிடக்கூடும் என்று கணினித்துறை நண்பர் சொன்னதால், சென்ற கோடை விடுமுறையில் வேறொன்றில் படியெடுத்து அதே உறையில் சேர்த்திருக்கிறோம். படியெடுக்கும்போது மீண்டும் பார்க்கவில்லை.